அத்தானுக்காகப் பேசிய மேடை

அத்தான் சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும். கோயில் கொடைத் திருவிழாவில் எங்கள் பட்டிமன்றத் தலைப்பு 'நாட்டின் தலைசிறந்த குடிமகன் உழவரா, போர்வீரரா?' என்று நான் சொன்ன அன்றும் அப்படித்தான் சிரித்தார். "யாரு செயிச்சாலும் மைக்குக்குக் கரண்டு நாந்தாம்லே குடுக்கணும்" என்றார். என் அக்காளின் கணவர், கல்லிடைக்குறிச்சியில் லைன்மேன். நான் பள்ளி ஆசிரியன், லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பட்டிமன்றம் பேசுகிறவன். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். நாங்குநேரியில் வீரனுக்காகக் கண்கலங்கிவிட்டு, மறுவாரமே இன்னோர் ஊரில் உழவனுக்காகக் கண்கலங்கியிருக்கிறேன். "போன வாரம் சொன்னதுக்கு நேர்மாறா பேசுதியே, வெக்கமா இல்லையாலே?" என்று அத்தான் கேலி செய்வார். எனக்கு அப்படியொன்றும் வெட்கம் இருந்ததில்லை.

ஆற்றில் பெருவெள்ளம் வந்த வருடம் மூன்று நாள் ஊரில் கரண்ட் இல்லை. நாலாம் நாள் காலையில் அத்தான் கம்பத்தில் ஏறினார். லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினார். ஆனால் ஏதோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் கம்பிக்கு ஏறிவிட்டது. கீழே இறக்கும்போதே உயிர் இல்லை.

அடுத்த கொடைக்கும் அதே தலைப்பு. "இந்தத் தடவ மூணாவதா ஒரு அணி வச்சிருக்கோம் சார். நீங்க லைன்மேனுக்காகப் பேசணும்" என்றார்கள் விழாக்காரர்கள். மறுத்திருக்க வேண்டும். பாழாய்ப்போன நாக்கு, சரி என்றது. அக்காளிடம் தயங்கித்தான் சொன்னேன். "அவரப் பத்தி நாலு பேரு கேக்கட்டும். நானும் வாரேன்" என்றாள். முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

பேச்சாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கைதட்டு விழும் என்று தெரிந்த இடத்தில் நிறுத்தி, ஒரு நொடி காத்திருப்போம். "ஊரெல்லாம் விளக்கு எரிந்தது. கம்பத்தில் ஏறியவர் மட்டும் உயிரோடு இறங்கவில்லை" என்றேன். நிறுத்தினேன். காத்திருந்தேன், படுபாவி. பந்தலே அதிர்ந்தது. எனக்குள் பழைய சந்தோஷம் குப்பென்று பொங்கியதை இப்போது எழுதவும் கை கூசுகிறது. எங்கள் அணிதான் வென்றது.

இப்போது நான் மேடை ஏறுவதில்லை. கேட்பவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவைக்கிறேன். அன்று கொடை முடிந்து அக்காவும் நானும் ஆட்டோவில் வீடு திரும்பினோம். ஆற்றுப்பாலம் தாண்டியதும், மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாரும் தட்டுதாவளேன்னு நானும் தட்டிட்டேம்லே. அவரு செத்ததுக்கா தட்டுனேன்?"