கென்னுக்கு வைத்த சீட்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது கௌரவம். தில்லிக்கு வந்த முதல் வாரம் முழுக்க, யார் என்ன கேட்டாலும் "இல்லை, திருநெல்வேலி" என்று பதில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

காரணம் இருக்கிறது. இந்த ஊரில் போனை எடுத்தால் "ஹாஞ்ஜி" என்பார்கள். கடை முன்னால் போய் நின்றாலும் "ஹாஞ்ஜி?", அலுவலகத்தில் ஃபைலை நீட்டினாலும் "ஹாஞ்ஜி?" 'ஆமாங்க, சொல்லுங்க' என்று அர்த்தம். என் காதில் அது "காஞ்சி?" என்றுதான் விழுந்தது. மதராசி முகத்தைக் கண்டாலே இவர்களுக்குக் காஞ்சிபுரம்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது, எல்லாம் பட்டுப்புடவை செய்கிற வேலை என்று நானே ஒரு விளக்கத்தையும் தயாரித்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, "நஹீ, திருநெல்வேலி" என்றேன். என் செக்‌ஷன் ஆபீசர் ஒரு சர்தார்ஜி, தங்கமான மனிதர். ஆறு நாள் பொறுத்துப் பார்த்தார். ஏழாம் நாள் "ஹாஞ்ஜி, திருநெல்வேலி ஜி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பழைய ஆட்கள் இன்றைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

காதில் விழுந்தது புரியவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பது உலக வழக்கம். எனக்கு அது வராது. உடனே ஒரு விளக்கம் கொடுத்துவிடுவேன். இந்தத் திறமையை வைத்துத்தான் பிற்பாடு நான் ஸ்காட்லாந்து தேசத்தில் ஒரு முழு மனிதரையே உண்டாக்கினேன். அவர் பெயர் கென்.

கல்யாணமான முதல் குளிர்காலம். சரோஜினி நகரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மனைவி ஜெயராணிக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. நர்ஸ். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. டிசம்பரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்து போனதைப் பார்த்தாள். அடுத்த நாள் அவளும் உறைந்து போனாள். பேச்சே இல்லை. ஒரு சனிக்கிழமை, ராஜினாமாக் கடிதம் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, "திங்கக்கெழமை குடுத்துட்டு ஊருக்குப் போறேன். நீங்க மாற்றல் வாங்கிட்டு வாங்க" என்றாள். மத்திய அரசில் மாற்றல் வாங்குவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடலாம். அதுவும் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு எப்படி எடுப்பது என்று யோசித்து யோசித்து எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவளைச் சமாதானப்படுத்த ஸ்வெட்டர் வாங்கலாம் என்று சந்தைக்குப் போனேன். அளவு தெரியாததால், நடைபாதையில் ஒரு சினிமா சி.டி. வாங்கிக்கொண்டு வந்தேன். அட்டையில் ஒருவன் இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்திருந்தான். உள்ளே போட்டுப் பார்த்தால் செம்மறி ஆடு. பத்து நிமிஷம் பார்த்தோம், இன்னும் ஆடுதான்.

படம் ஒரு ஸ்காட்டிஷ் கிராமத்தைப் பற்றியது. கடலோரத்தில் இருபது வீடுகள், ஒரே ஒரு பஸ். ஆள் ஏறுவதில்லை, நிறுத்திவிடலாமா என்று கணக்கெடுக்க நகரத்திலிருந்து ஒரு அதிகாரி வருகிறார். பஸ் போய்விடக்கூடாதே என்று ஊரே தொப்பியை மாற்றி, ஒட்டு மீசை வைத்து, திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறது. முதல் நாளே அவருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் நாய் மட்டும் வேஷம் போடவில்லை. இருந்தாலும் அவர் பேசாமல் எழுதிக்கொள்கிறார். நாயையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை, வசனம் புரியாமல் பார்த்தாலும் விளங்கும். யாரும் யாரையும் அடிப்பதில்லை. மழை பெய்கிறது, டீ குடிக்கிறார்கள், மறுபடி மழை பெய்கிறது. எத்தனையோ இன்ஸ்பெக்‌ஷன் பார்த்த குமாஸ்தா நான். தெரிந்தும் தெரியாத மாதிரி எழுதிக்கொண்டு போகிற அந்த அதிகாரியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கும்பிடத் தோன்றும்.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் பேசிய ஆங்கிலம் எனக்கு ஒரு வரிகூட விளங்கவில்லை. வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு ஆங்கிலம். அதைச் சொல்லவும் முடியாது. நான் ஆங்கில இலக்கியம் படித்தவன். பெண் பார்க்கப் போனபோது எங்கள் தரப்பில் அதை மூன்று முறை சொல்லியிருந்தார்கள்.

"எல்லாரும் 'ஐ'ன்னு ஆரம்பிச்சு நிறுத்திருதாங்களே, ஏன்?" என்று ஜெயராணி கேட்டாள். ஒரு வாரத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"நான்னு சொல்ல வாராங்க. ஆனா தன்னப் பத்திப் பேசக்கூடாதுன்னு நிறுத்திக்கிடுதாங்க. அடக்கம்."

"கென் கென்னுங்காங்க, அது யாரு?"

உண்மையில் அவர்கள் மூச்சுக்கு ஒரு தரம் "யூ கென்" என்றார்கள். படம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, அந்த ஆள் வரவே இல்லை. என் மூளை வேலை செய்தது.

"கென் இந்த ஊர்க்காரரு. வேலைக்குத் தூரமா எங்கயோ போயிருக்காரு. அதான் ஒருத்தர் விடாம அவரப் பத்தியே பேசுதாங்க."

"எங்க போயிருக்காரு?"

"டெல்லி மாதிரி ஒரு எடம்."

அவள் போர்வையை விலக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒரு கிழவர் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் ஜன்னலோரம் ஒரு இருக்கை மட்டும் காலியாகவே இருந்தது. "அதுல ஏன் ஒருத்தரும் உக்கார மாட்டேங்காங்க?" என்றாள். "அது கென்னோட சீட்டு" என்றேன். "அவரு வார வரைக்கும் யாரும் உக்கார மாட்டாங்க."

ஜெயராணி திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனாள். வேதப்புத்தகத்துக்குள் இருந்த கடிதம் அங்கேயே இருந்தது. அடுத்த வாரம் அதை மறுபடி பார்த்தபோது, பின்பக்கத்தில் காய்கறிப் பட்டியல் எழுதியிருந்தது.

அதன்பின் இருபத்திரண்டு வருடம். குளிர் தொடங்கினால் எங்கள் வீட்டில் அந்தப் படம் ஓடும். வேறு படங்களில் ஊரைக் கொளுத்தினார்கள், ஆளைப் பறக்கவிட்டார்கள், எல்லாம் ஒரு தடவையோடு சலித்துப் போயிற்று. இந்த ஆடும் மழையும் மட்டும் சலிக்கவில்லை. கென் எங்கள் குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். தோசை மிஞ்சினால் "கென்னுக்கு இருக்கட்டும்" என்பாள். மெட்ரோவில் இடம் கிடைத்தால் "கென்னோட சீட்டு" என்பாள். ஒரு முறை லீவில் பாளையங்கோட்டைக்குப் போனபோது, நாங்கள் வழக்கமாகத் தங்கும் அறையில் அவள் அண்ணன் வாஷிங் மெஷினை வைத்திருந்தார். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருந்தார்கள். "நாலு நாளைக்குத்தானே, ஹால்ல படுத்துக்கிடுங்க" என்றார் மனிதர், பாசமாகத்தான். திரும்பும்போது ரயிலில், நாக்பூர் வந்ததும் அவள், "கென்னுக்குன்னா அந்த ஊர்ல சீட்டு வச்சிருந்தாங்க" என்றாள். நான் ஆரஞ்சு உரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். இப்போது தில்லியிலேயே துவாரகா என்ற பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். சி.டி. தேய்ந்து போய், அதைப் போடும் பெட்டியும் செத்துப் போய் இரண்டு வருடமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லூரியில் படிக்கும் மகள் பிரின்ஸி படத்தை எங்கேயோ தேடிப் பிடித்து டி.வி.யில் போட்டாள். தில்லியில் பிறந்தவள். அவளுடைய தமிழ் பஞ்சாபி கல்யாணத்துக்கு வந்த சாம்பார் மாதிரி இருக்கும்.

"மம்மி, சப்டைட்டில்கூட இருக்கு."

"சப்டைட்டில் எதுக்கு, படத்த மறைக்கும். கண்ணுக்கும் கெடுதல்" என்றேன்.

"அப்பா, நீங்க கொஞ்சம் சுப்பா இருங்க, ப்ளீஸ்." 'சுப்' என்றால் இந்தியில் வாயை மூடு.

ஜெயராணி மடியில் தட்டை வைத்துப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஆடு வந்தது. மழை வந்தது. முதல் கிழவர் "ஐ" என்றார். நான் என் வழக்கப்படி, "பாத்தியா, அடக்கம்" என்று தொடங்கினேன்.

"அடக்கமா? அச்சா, அப்பா, அது அவங்க ஊர்ல 'ஆமா'. நம்ம ஹாஞ்ஜி மாதிரி."

எனக்குக் காஞ்சிபுரம் கோபுரமே கண்ணில் தெரிந்தது. அதற்குள் அடுத்தவர் "யூ கென்" என்றார். கீழே எழுத்து ஓடியது. 'உங்களுக்குத் தெரியும்' என்று அர்த்தம். 'தெரியும்' என்ற வார்த்தைதான் இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு "கென்"னுக்கும் கீழே ஒரு 'தெரியும்' வந்து போயிற்று. ஜெயராணி ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவள். இதைப் படிக்காமல் இருப்பாளா? அவளைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் நானும் ஒரு கைப்பிடி பட்டாணியை எடுத்து உரித்தேன்.

பஸ் வந்தது. நகரத்து அதிகாரி ஜன்னலோரத்துக் காலி இருக்கையில் உட்காரப் போகிறார். டிரைவர் திரும்பி ஏதோ சொல்கிறார். இந்த இடத்துக்கு நான் எழுதியிருந்த வசனம், 'ஐயா, அது எங்க கென்னுக்கு' என்பது. வருடா வருடம் குரல் கம்மச் சொல்வேன். டி.வி.யில் எழுத்து வந்தது: அங்கே உட்காராதீர்கள், ஸ்பிரிங் குத்தும்.

பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றது. பிரின்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள்.

படம் முடிந்தது. மகள் போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். டி.வி. கறுப்பாக இருந்தது, அதில் நாங்கள் இரண்டு பேரும் மங்கலாகத் தெரிந்தோம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இவளை ஊருக்கு அனுப்பியிருந்தால் அந்த அறையில் வாஷிங் மெஷின் வந்திருக்காது. அவளை இங்கே நிறுத்தி வைத்தது என் காது செய்த கோளாறு. இதற்கு ஒரு விளக்கம் கொடுக்கலாம் என்று பார்த்தேன். முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

"ராணி, கென்னுன்னு ஒரு ஆளே கெடையாது" என்றேன். "அவங்க பேசினது எனக்கு ஒரு எழுத்து வெளங்கல. நீ ஊருக்குப் போயிருவியேன்னு பயந்து வாயில வந்தத அடிச்சு விட்டேன். அந்த சீட்டும் பொய்தான். அது வெறும் ஸ்பிரிங் போன சீட்டு."

அவள் கடைசிப் பட்டாணியை உரித்துத் தட்டில் போட்டாள்.

"ஸ்பிரிங் போனா என்ன, சீட்டு இருக்குல்லா."