அம்மாவிடம் வாங்கிய அனுமதி

படைப்பெழுத்தில் எம்.ஏ. படித்தேன். கல்லூரி வெளிநாட்டில் இருந்தது. வகுப்பு முழுக்க இணையத்தில். உதவித்தொகை கிடைத்ததால் சேர முடிந்தது. பகலில் திண்டுக்கல்லில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை. மாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எழுதியதை ஏற்றிவிட்டு, மற்றவர்கள் எழுதியதற்குக் கருத்துச் சொல்லிவிட்டு, ரெட்டியார்சத்திரம் பஸ்ஸைப் பிடிப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். என்ன படிக்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. படிக்கிறான், அவ்வளவுதான்.

கடைசித் தாளுக்கு வாழ்க்கை நினைவு ஒன்றை எழுத வேண்டும். நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா திருப்பூருக்குப் போய் ஏறக்குறைய ஒரு வருஷம் வராமல் இருந்ததை எழுதினேன். ‘அப்பா யாரிடமும் சொல்லாமல், சாப்பிடாமல் வீட்டைவிட்டுப் போனார்’ என்பது முதல் வரி. வரைவைப் படித்த ஆசிரியை, அந்த வரியை மாற்றவே கூடாது என்று எழுதியிருந்தார். கைவிடப்பட்ட அம்மா, திரும்பி வந்த பிறகும் நான் சரியாகப் பேசாத அப்பா என்று கட்டுரை முழுவதும் அந்த வரியின் மேல்தான் நின்றது. ஆனால் ஒரு விதி. கட்டுரையில் வருகிறவர்கள் உயிரோடு இருந்தால், அவர்களுக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். இல்லையென்றால் தாளை ஏற்க மாட்டார்கள், பட்டமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்கு என்னத்துக்குலே வாசிக்கிற?”

“நீ சரின்னு சொன்னாத்தான் பாஸ் போடுவாங்க.”

“நான் சொன்னா பாஸா? அப்பச் சரி. போயி வேலையப் பாரு.”

“கேட்டுட்டுச் சொல்லும்மா.”

இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். புருஷன் ஓடிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசிய இடத்தில் தடுப்பாள் என்று நினைத்தேன். ஒரு சொத்தைத் தக்காளியை எடுத்து ஓரமாகப் போட்டாள். முடித்ததும் சொன்னாள்:

“எல்லாம் சரி. சாப்பிடாமப் போனாருன்னு இருக்குல்ல, அத மட்டும் எடுத்துரு.”

“அதுதாம்மா முக்கியமான வரி.”

“இருக்கட்டும். விடியமுன்ன எந்திரிச்சுச் சோறு பொங்கிப் போட்டுத்தான் அனுப்புனேன். வழிக்கும் கட்டிக் குடுத்தேன். புருசன வெறும் வயித்தோட அனுப்புனவளுன்னு வெளிநாட்டுக்காரன் நெனைக்கணுமா?”

“அப்ப அவரு போறது ஒனக்குத் தெரியுமா?”

“நாந்தான்லே போகச் சொன்னேன். கெணத்துத் தண்ணி மொறையில ஒங்க பெரியப்பனுக்கும் அவருக்கும் கைகலப்பு. ஒங்கப்பா அருவாளத் தீட்டி வச்சிருந்தாரு. இங்கன இருந்தா ஒருத்தரு சுடுகாட்டுக்கு, ஒருத்தரு ஜெயிலுக்கு. கோவம் ஆறுனதும் வாங்கன்னு அனுப்பிவிட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?”

“ஒங்கிட்டயா? சாயங்காலமே பெரியப்பன் வீட்டுல போயி ஒப்பிச்சிருப்ப.”

அது உண்மைதான். பாதி நாள் அங்கேதான் சாப்பிட்டேன். ஆனால் வளர்ந்த பிறகும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாள் அனுப்ப இரண்டு நாள் இருந்தது. முதல் வரியில் இருந்த இரண்டு செய்திகளும் தப்பு.

அப்பாவிடமும் சம்மதம் வாங்க வேண்டும். தோட்டத்தில் மண்வெட்டியோடு தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“ஒங்கம்மா சொல்லிட்டாளா?”

“சொல்லிருச்சு.”

“எம்புட்டுத் தூரம்?”

“அருவா வரைக்கும்.”

ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார். “அப்ப எழுதிக்க. பெரியப்பன் பேரு வேணாம். அவன் பேரன் இந்த இன்டர்நெட்டுப் பாக்குறவன்.”

நான் உடனே கிளம்பவில்லை. கடைசிப் பாத்தி நிறையும் வரை வரப்பில் நின்றேன். திருப்பூரில் எங்கே தங்கியிருந்தார் என்று கேட்டேன். பனியன் கம்பெனி மாடியில், எட்டுப் பேரோடு என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கட்டுரையை மறுபடியும் எழுதினேன். ‘அம்மா விடியும் முன் எழுந்து சோறு பொங்கி, அப்பாவை ஊரைவிட்டு அனுப்பினாள்’ என்று தொடங்கியது. தேர்ச்சி கிடைத்தது, மதிப்பெண் குறைவு. பழைய தொடக்கமே வலுவாக இருந்தது, இந்த வடிவத்தில் அப்பா எப்படிப்பட்டவர் என்று பிடிபடவில்லை என்று ஆசிரியை குறித்திருந்தார். அவர் சொன்னது சரி. எனக்கும் அப்போது பிடிபட்டிருக்கவில்லை.