கோடு விழாத மூன்று மணி நேரம்

அவசரப் பிரிவில் எல்லோருக்கும் அவர் எக்ஸ்பிரஸ் அக்காதான். நடை அப்படி. இருபத்தாறு வருட நர்ஸ் உத்தியோகத்தில் அவர் ஓரிடத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை, நிற்க விட்டால்தானே! காலை டூட்டிக்கு அவர்தான் தலைமை. கூட இரண்டு பேர்: வாயே மூடாத ஒருத்தி, வாயே திறக்காத ஒருத்தி. கட்டில்கள் பதினெட்டு. நாலாவதாக ஒரு நர்ஸ் வேண்டும் என்று ஏழு வருடமாக மனுப் போட்டார். மேலிடமும் ஏழு வருடமாகத் தவறாமல் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டது. அந்த மரியாதைக்குக் குறைவில்லை.

கடைசியில் ஒருநாள் ஆள் அனுப்பினார்கள். நர்ஸ் இல்லை, நர்ஸ் வேண்டுமா என்று அளந்து பார்க்கிற அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு கட்டுப் படிவம்.

"ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு போடணும் சிஸ்டர். ஊசி போட்டா ஒரு கோடு, கட்டுப் போட்டா ஒரு கோடு. செய்யச் செய்ய அப்பப்பவே போட்டுடணும். ஒரு வாரம் போடுங்க, எத்தனை பேர் வேணும்னு கம்ப்யூட்டரே சொல்லிடும்."

"அழுதுட்டு நிக்கிற நோயாளியோட பொண்டாட்டிய உக்கார வச்சு தண்ணி குடுக்கிறோமே, அதுக்கு எந்தக் கட்டம் சார்?"

அதிகாரி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அது வேலைக் கணக்குலயே வராது சிஸ்டர்."

ஆனாலும் அக்காவுக்கு உள்ளூர ஆசை விட்டபாடில்லை. அன்று வீட்டில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கணவரிடம், "இந்த வாட்டி கெடச்சிடும் பாருங்க" என்றார்.

கணவர் தையல்காரர். "நான் சட்டை தைக்கிறதுக்கு அளவெடுப்பேன். உங்க ஆளுங்க எதுக்கு எடுக்கிறாங்களோ!"

"நல்ல காரியத்துல வாய் வைக்காதீங்க" என்று அக்கா அதட்டினார்.

திங்களும் செவ்வாயும் படிவத்தில் கோடுகள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பஸ் கவிழ்ந்தது. இருபத்தொன்பது பேர். ஸ்ட்ரெச்சர் போதாமல் நாற்காலியில், பெஞ்சில், தரையில் கிடத்தினார்கள். டிரிப்ஸ் மாட்ட ஸ்டாண்டு இல்லாமல் ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். ஒரு கையால் ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறு கையால் ஊசி எடுத்தார் அக்கா. பேனா யார் காலடியில் உருண்டதோ, யார் கண்டார்? மணி ஒன்றாகும்போது இருபத்தொன்பது பேரும் உயிரோடு மேல் வார்டுகளுக்குப் போயிருந்தார்கள்.

வாய் மூடாதவள்தான் படிவத்தைப் பார்த்தாள். "ஐயையோ! அக்கா, பத்துலருந்து ஒண்ணு வரைக்கும் காலியா கெடக்கு. குத்துமதிப்பா ஒரு இருநூறு கோடு இழுத்துடவா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. கொடுக்காத மாத்திரையைக் கொடுத்ததாக ஒருநாளும் எழுதியறியாதவர் அவர். "அப்பப்பவே போடணும்னாரு. இப்ப போட்டா அது பொய்க் கணக்கு. விடு, பஸ் கவுந்தது ஊருக்கே தெரியும். அவங்களுக்குத் தெரியாமலா போயிடும்?"

தெரியாமல்தான் போனது. ஒரு மாதம் கழித்துக் கலர் படங்களோடு அறிக்கை வந்தது. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் தன் அறையில் அக்காவை உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். புதன்கிழமை பத்து முதல் ஒன்று வரை மூன்று நர்சுகளும் முழு ஓய்வு. ஆகவே ஒருவர் உபரி. வாய் திறக்காதவளைக் கண் வார்டுக்கு மாற்றிவிடலாம்.

"ஐயா, அன்னைக்கு இருபத்தொம்பது பேரு!"

"கோடு இல்லையே சிஸ்டர்."

"கோடு போடக் கை இல்லைங்க! எல்லாக் கையும் ஆளுங்க மேல இருந்துச்சு!"

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். "நியாயம்தான். கோடு போட ஆள் இல்லாததுதான் இங்க பிரச்சினை. மேல எழுதறேன்."

எழுதினார். ஏழு வருடம் அசையாத மேலிடம் பத்தே நாளில் உத்தரவு போட்டது. நர்ஸ் இடமாற்றம் உறுதி. அந்த இடத்தில் கோடு போட ஒரு குமாஸ்தா நியமனம்.

போகிற அன்று வாய் திறக்காதவள் வாயைத் திறந்தாள். "அக்கா, முட்டியப் பாத்துக்கோங்க." அவ்வளவுதான். அக்கா மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் குமாஸ்தா வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் மிச்சமிருந்த மனிதர். சொந்தமாக ஒரு குஷன், சீவி வைத்த நாலு பென்சில். பத்தரை மணி வரை அழகாகக் கோடு போட்டார். அப்புறம் சிலிண்டர் வெடித்து ஒரே வீட்டிலிருந்து ஆறு பேரைத் தூக்கி வந்தார்கள். நர்சுகள் இரண்டே பேர்.

"அண்ணே, பென்சில கீழ வைங்க. இந்த பாட்டில தூக்கிப் பிடிங்க!" என்று அக்கா கத்தினார்.

"நான் கோடு போடணுமே சிஸ்டர்..."

"பிடிங்கண்ணே!"

பிடித்தார். கை மாற்றி மாற்றிப் பிடித்தார். பாட்டில் தீர்ந்ததும் அடுத்த பாட்டிலைப் பிடித்தார். இடையில் அழுத ஒரு பெண்ணை உட்கார வைத்துத் தண்ணீரும் கொடுத்தார். ஒரு மணிக்குச் சட்டையெல்லாம் கறையோடு வந்து குஷனில் உட்கார்ந்தவர் படிவத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"சிஸ்டர், பத்தரைக்கு மேல ஒரு கோடுகூட விழலையே! என்னன்னு எழுதட்டும்?"

"ஓய்வுன்னு எழுதுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த கட்டிலுக்கு ஓடினார்.