ஆறு என்று எழுதிய மோட்டார்

எங்கள் கிணற்றின் அடியை நான் முதன்முதலாகப் பார்த்தது மோட்டார் ஓடிய அன்றுதான். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். அதற்கு அடி என்று ஒன்று இருக்கும் என்பதே அதுவரை என் புத்தியில் ஏறியிருக்கவில்லை.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். கிணறு அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. முறைக்காரர் தன் காளை ஜோடியைப் பூட்டி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைப்பார். தோல் சால் இறங்கும், ஏறும், வாய்க்காலில் கொட்டும். காளைகள் எவ்வளவு இழுத்தாலும் கிணற்றில் பாதித் தண்ணீர் மிச்சம் நிற்கும். அதனால் யார் எவ்வளவு எடுத்தார் என்று எவரும் அளந்ததில்லை. நாள்தான் அளவு.

முப்பதுகளில் நீலகிரி மலையின் பைக்காரா மின் நிலையத்துக் கரண்ட் எங்கள் ஊருக்கும் வந்தது. மோட்டார் வாங்கியே தீருவேன் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். சித்தப்பாவோ, "நீங்க வாங்குங்ணா. நான் மாட்டோடயே இருந்துக்கறனுங்க" என்றார். அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனிதர் அவர். அந்த வருஷம் அவர் பங்குக் காடு முழுக்க மஞ்சள் பயிர். அதை நம்பித்தான் தன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று அப்பா என்னையும் கோயமுத்தூர்க் கடைக்குக் கூட்டிப்போனார். "எத்தனை குதிரை சக்திங்க வேணும்?" என்று கடைக்காரர் கேட்டதும் அப்பாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. காங்கேயம் காளை கட்டியவரிடம் போய்க் குதிரைப் பேச்சா! ரயிலடியில் ஜட்கா இழுக்கும் எலும்புக் குதிரைகளைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"எம்பட காளை ஒண்ணுக்கு அந்தக் குதிர மூணு சமமுங்க. ரெண்டு காளைக்கு ஆறு குதிர குடுங்க."

"ஒரு ஜோடி மாடே ஒரு குதிர சக்திக்குத்தானுங்க வரும்" என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அப்பாவின் முகம் போன போக்கைக் கண்டு, ஒரு ஜெர்மன் மோட்டாரைக் காட்டினார். அதன் தகட்டில் 4.4 என்று இருந்தது. படித்துச் சொன்னேன். அப்பா துள்ளி எழுந்தார்.

"ஆறு கேட்டா நாலரகூட இல்லாதத எடுத்து வெக்கறீங்களே, நாயமுங்களா?"

"அது கிலோவாட்டுங்க. ஜெர்மன்காரன் கணக்குல ஒரு குதிரைக்கு எழுநூத்தி முப்பத்தஞ்சு வாட்டு. ஆறு குதிரைக்கு நாலாயிரத்து நானூத்திச் சொச்சம். ஆயிரம் வாட்டு ஒரு கிலோவாட்டு. ரெண்டும் ஒண்ணுதானுங்க."

நானும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சரியென்றேன். "நீ சும்மாரு கண்ணு" என்று அப்பா என் வாயை அடைத்தார். தகட்டில் ஆறு என்று எழுதியிருந்தால்தான் வாங்குவாராம். கடைசியில் ஆறு கிலோவாட் மோட்டாரும் அதற்கேற்ற பம்பும் வண்டியேறின. எட்டுக் குதிரைக்கும் மேல்! ஏமாறாமல் தப்பித்த பெருமையை வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார்.

எங்கள் முறையன்று மோட்டாரைப் போட்டார்கள். குழாயிலிருந்து பாய்ந்த தண்ணீரைப் பார்க்க ஊரே கிணற்றடியில் கூடியது. உச்சிவேளைக்கு முன்பே பம்பு காற்றை உறிஞ்சி இரைய ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். திக்கென்றது. சேறு, உடைந்த பானை ஓடுகள், வாலடித்துத் துடிக்கும் மீன்கள். பின்வாங்கினேன். அப்பாவும் வெளிறிப்போனார். ஆனாலும், "ஊத்து இருக்குது, ஊறிக்கும்" என்றார்.

ஊறவில்லை. மறுநாள் காலையில் சித்தப்பா காளைகளைப் பூட்டினார். உள்ளே போன சால் சேற்றில் பொத்தென்று விழுந்து, கலங்கலை அள்ளிக்கொண்டு வந்தது. காளைகளை அவிழ்த்தார். யாரும் கேட்காமலே அப்பாதான் கத்தினார்.

"நான் எம்பட முறையத்தானடா எடுத்தேன்?"

"ஆமாங்ணா" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். நான்கு பேர் எதிரில் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அடுத்த முறைக்கும் மோட்டார் ஓடியது. அதற்கடுத்த முறைக்கும் ஓடியது. சால் முழுகும் அளவுக்குச் சேரும் முன்பே, ஊறியதெல்லாம் எங்கள் வாய்க்காலுக்குப் போயிற்று. ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. மஞ்சள் இலைகள் சுருண்டு, நுனி கருகின. மாப்பிள்ளை வீட்டார் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். "இப்பத்திக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் வண்டியேறிப் போனார்கள்.

அந்தச் சேதி கேட்ட பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது. மறுநாள் எங்கள் முறை. மோட்டாரைப் போட்டு, தன் கையாலேயே மடையைத் திருப்பி, தண்ணீர் முழுவதையும் தம்பியின் மஞ்சளுக்கு விட்டார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. சித்தப்பா மண்வெட்டியோடு வேகமாக வந்தார். பாத்தி திறக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் மண்ணை வெட்டிப் போட்டுத் தன் வாய்க்காலை அடைத்தார்.

"இது உங்க முறைத் தண்ணிங்ணா. உங்க காட்டுக்கே பாயட்டுமுங்க."

குரலில் கோபம் துளியும் இல்லை. தண்ணீர் திரும்பி எங்கள் வயலுக்குள் ஓடியது. அப்பா, தான் திருப்பிய மடையருகிலேயே நின்றார். சித்தப்பா அவரை நிமிர்ந்து பார்க்காமல், அடைத்த மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்.