பிஸ்கட் போடாதீர்கள் என்றவர்

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, காலை 5.50. எங்கள் தெருக்காரர்களின் கைப்பேசிக் குழுவில் பதினோரு செய்திகள். பத்தில் கைகூப்பிய படம் மட்டும் இருந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போய்ப் பதினோராவதைப் படித்தேன். பி.டி. டீச்சர் தமிழ்ச்செல்வி விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்.

கைகூப்பியவர்களில் பாதிப் பேர், அவருடைய நாயைத் தெருவைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று போன வருடம் மனு எழுதியவர்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள், அதனால் தெரியும். இதைச் சொல்லாமல் இரங்கல் எழுத எனக்கு வராது.

பதினாறாம் நாளுக்கு ஒரு சிறு மலர் போடுகிறார்கள். டீச்சரின் தம்பி ஏழுமலை அண்ணன் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார், நிலக்கடலை வியாபாரம். அவர்தான் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். அக்காவுக்கு நாய் என்றால் உயிர், அதைப் பெரிதாகப் போடு என்றார். எனக்கு முதல் வரியிலேயே தகராறு. டீச்சருக்கு நாய்களைப் பிடிக்காது.

அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். இருந்தாலும் எனக்குத் தெரிந்த டீச்சரை முதலிலிருந்து சொல்கிறேன். வேங்கிக்காலில் புதிதாக மனை பிரித்த எங்கள் தெருவில் நான் ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். செங்கம் ரோட்டு லாட்ஜுகளுக்குக் கேமராவும் நெட்வொர்க்கும் போட்டுக் கொடுப்பது என் வேலை. கீழே வீட்டுக்காரரும் அவருடைய பொமரேனியனும். எதிர்வீடு டீச்சருடையது. நான் அவரிடம் படித்தவன் இல்லை. தெருவே டீச்சர் என்றதால் நானும் டீச்சர் என்றேன்.

கிரிவலத்துக்கு மலை சுற்றும் பாதையில் அடிபட்டுக் கிடந்த ஒரு நாயை, மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட ஒருநாள் அவர் தூக்கி வந்தார். அதனால் அதற்கு லீவு என்று பெயர். காலையில் அவர் "லீவு, வாடா" என்று கூப்பிட்டால், சீருடை மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். மனிதர்களிடம் லீவு தங்கம். குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆனால் வெளியே நடக்கும்போது இன்னொரு நாய் கண்ணில் பட்டால் போதும், பின்னங்கால்களில் எழுந்து நின்று கயிற்றை அறுக்கப் பார்க்கும்.

நாங்கள் பேச ஆரம்பித்ததே சண்டையில்தான். ஒருநாள் லீவு எங்கள் வாசல் கேட்டில் பாய்ந்தது. உள்ளே பொமரேனியன் கத்தியது, அதைவிட ஜாஸ்தியாக வீட்டுக்காரர் கத்தினார். டீச்சர் கயிற்றைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். நான் மாடியிலிருந்தே, நீங்கள் செய்வது எல்லாமே தப்பு என்றேன். கயிற்றை இறுக்க இறுக்க, ஏதோ ஆபத்து என்று நீங்களே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ இன்ஜினியரா?"

"ஆமா."

"எல்லா இன்ஜினியரும் மாடியில நின்னுதான் பேசுவீங்களா? காலையில அஞ்சரைக்குக் கீழ எறங்கி வா."

இறங்கிப் போனேன். நாய் வளர்த்து எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒரு சாதனம் தப்பாக வேலை செய்தால் காரணம் தெரியாமல் விட என்னால் முடியாது. வீடியோக்களைப் பார்த்தேன், படித்தேன். எல்லா இடத்திலும் ஒரே வழிதான் சொன்னார்கள். தூரத்தில் இன்னொரு நாய் தெரியும்போதே தின்ன ஏதாவது கொடு. நாய் தெரிந்தால் நல்லது கிடைக்கும் என்று அது புரிந்துகொள்ளும். வேகவைத்த கோழித் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

நாளுக்கு நாள் மோசமாகியது. கோழித் துண்டு வாயருகே போனதும் லீவு அதைத் தின்னாமல், அந்த நாய் எங்கே, எவ்வளவு பக்கம் என்று பார்த்து உறுமியது. நாய் தெரியாத இடத்தில் கொடுத்தால்கூட, எங்கிருந்தோ ஒன்று வரப்போகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஒருநாள் எரிச்சலில் டீச்சரிடம் கேட்டேன்: இந்த நாய் குட்டியாக இருந்தபோது தீனியோடு என்ன செய்தார்கள், யாருக்காவது தெரியுமா?

தெருமுனைக்கு வந்ததும் நின்றார். பிறகு சொன்னார். வருடக்கணக்காகப் பௌர்ணமிதோறும் மலை சுற்றப் போகும்போது பாதையோர நாய்களுக்கு அவர் பிஸ்கட் போட்டிருக்கிறார். எல்லோரும் போடுகிறார்கள், புண்ணியம். ஆனால் அவர் போட்ட விதம் வேறு.

"நடுவுல போடுவேன். ஒன்னுக்குன்னு தனியா போட மாட்டேன். எது முந்துது, எது எகிறிப் புடிக்குதுன்னு பாப்பேன். இவன் குட்டியா அங்கதான் கிடந்தான். ஒருவாட்டி பெரிய நாய தள்ளிட்டுத் தூக்கிட்டான். நான் கை தட்னேன்டா."

அதன் பிறகுதான் விஷயம் விளங்கியது. தீனி வந்தால் சண்டை வரும், சண்டை போட்டால்தான் தீனி. லீவுக்கு ஊரே சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடம் அது. அதே பாடத்தைத்தான் நான் கோழித் துண்டால் மறுபடி நடத்திக்கொண்டிருந்தேன். அன்றுதான் அவர் இதையும் சொன்னார்: "எனக்கு நாயே புடிக்காது, இன்ஜினியரு. இத ஒன்ன நான் கெடுத்தேன். இத மட்டும் சரி பண்ணிட்டுப் போறேன்." இதை ஏழுமலை அண்ணன் மெயினாகப் போட்டுக்கொள்ளலாம்.

அன்றோடு தெருவில் தீனி கிடையாது என்று முடிவு செய்தோம். சாப்பாடு வீட்டுக்கு வந்த பிறகு, கதவு சாத்திய பிறகு. நடக்கும்போது இரண்டு பேர் வேண்டும். நான் முன்னால் போவேன். முனைகளில் எட்டிப் பார்த்து, நாய் இருந்தால் வலது கையைத் தூக்குவேன். பின்னால் லீவோடு வரும் டீச்சர், அது பார்ப்பதற்கு முன்பே "அபவுட் டர்ன்" என்பார். இருவரும் திரும்பி எதிர்ப்பக்கம் வேகமாக நடப்பார்கள். அப்படித் திரும்பி வந்த பிறகு வேப்பமரத்தடியில் இஷ்டத்துக்கு மோந்து பார்க்கவிடுவார். அதுதான் பரிசு. திரும்ப வழியில்லை என்றால் நிற்கிற காரையோ டிராக்டரையோ மறைப்பாக வைத்துக்கொள்வோம். கயிறு தொங்கலாகத்தான் இருக்க வேண்டும். காது விறைத்து, வாய் மூடி, ஒரு இடத்தையே லீவு பார்க்க ஆரம்பித்தால் அதுதான் கடைசி எச்சரிக்கை. அதைத் தாண்டிவிட்டால் விசில் என்ன, வெடி வைத்தாலும் காதில் விழாது.

வாய்க்கூடும் வாங்கினோம். வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், கடிக்க மட்டும் முடியாது. அதைப் போட்டதும் தெருவில் புதுப் பேச்சு: வாயைக் கட்டி வதைக்கிறாள். போடாதபோது மனு கொடுத்த அதே ஆட்கள். டீச்சர் ஒருவரிடம் மட்டும் பதில் சொன்னார்: "உங்க வாய்க்கும் ஒன்னு வாங்கட்டுமா சார்? சைஸ் சொல்லுங்க." அவருக்கு இளகிய மனம் என்று இந்த மலரில் யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

நான் அவசரக்காரன். தூரத்தைச் சீக்கிரம் குறைக்கலாம், இன்றே அந்த டீக்கடை நாயைத் தாண்டிவிடலாம் என்று தினமும் நச்சரிப்பேன். "இது பொருளில்லடா, ரீஸ்டார்ட் பண்றதுக்கு" என்பார். அவருக்கும் பொறுமை கம்மிதான். ஆனால் பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறுத்தி, பொறுமை இல்லாமலே காத்திருக்கப் பழகியிருந்தார். ஒருநாள் காலை, டீக்கடையின் கிழட்டு நாய் எதிர்ப்பக்கம் படுத்திருக்க, லீவு அதைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது, சொல்லாமலே தானாகத் திரும்பி நடந்தது.  அன்றைக்கு டீச்சர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். 

பிறகு அந்த நாள் வந்தது. நாய் இழுத்துத் தள்ளி டீச்சர் செத்தார் என்று ஊர் பேசுகிறது. நான் அங்கே இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

பௌர்ணமி அன்று வெளியே போவதில்லை என்பது எங்கள் சட்டம். ஊருக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால் வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருக்களில் நிறுத்திவிட்டு நடப்பார்கள். அது போன மாதப் பௌர்ணமிக்கு முந்தின நாள். ஒரு கார் மட்டும் முன்னதாகவே வந்துவிட்டது. நான் முன்னால் போய் ஒரு முனையில் கையைத் தூக்கினேன். டீச்சர் லீவோடு திரும்பினார். திரும்பிய பக்கம் அந்தக் கார் வந்து நின்றது. ஒரு குடும்பம் இறங்கியது. நல்ல மனிதர்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். வாய்க்கூடு போட்ட லீவைப் பார்த்து, பாவம் என்றார்கள். டீச்சர் கையை நீட்டி, "பிஸ்கட் போடாதீங்க" என்று சத்தமாகவே சொன்னார். அதற்குள் ஒரு பாக்கெட் பிரிந்து லீவின் காலடியில் விழுந்துவிட்டது.

தெருநாய்கள் பிஸ்கட்டுக்கு ஓடி வந்தன. நடுவில் லீவு. லீவால் கடிக்க முடியாது, நாங்கள்தான் வாயை மூடியிருந்தோம். லீவு ஒருவரையும் இழுக்கவில்லை. கீழே கிடந்து கடி வாங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் நடுவில் காலை வைத்து மறித்தார். ஒரு நாய் அவர் முழங்காலில் மோதியது. அவர் விழுந்தபோது இடுப்பு சிமெண்டுத் திட்டில் பட்டது. நான் ஓடி வந்து பார்த்தபோதும் கயிறு அவர் கையில்தான் இருந்தது, தொங்கலாக.

அந்தக் குடும்பம் ஆட்டோ பிடிக்க உதவியது. மலை சுற்றிவிட்டு வந்து பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. பிறகு படுக்கையிலேயே நுரையீரலில் ரத்தம் உறைந்தது. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு போய்ப் பார்த்தேன். லீவின் காயம் ஆறிவிட்டதா, வேப்பமரம் வரை போகிறதா என்று கேட்டார். போகிறது, நான்தான் கூட்டிப் போகிறேன், ஆனால் பழையபடி எல்லா நாயையும் பார்த்துப் பாய்கிறது என்றேன். பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.  அவர் சொன்னார்: "மறுபடி மொதல்லருந்து ஆரம்பி. ஏழுமல கேட்டா குடுக்காத. அவன் நல்லவன். நல்லவங்ககிட்ட அத குடுக்காத."

ஏழுமலை அண்ணன் நல்லவர்தான். இறுதிச் சடங்கு முடிந்த வாரமே வீட்டைக் காலி செய்ய வந்தவர் என்னிடம் தன் திட்டத்தைச் சொன்னார். வரும் பௌர்ணமிக்கு அக்கா படம் போட்டு ஒரு பேனர், மலை சுற்றும் பாதை முழுக்க நாய்களுக்குப் பிஸ்கட். பெட்டி பெட்டியாகச் சொல்லிவைத்தாகிவிட்டது. நான் நடந்ததை எல்லாம் அவருக்குச் சொன்னேன், மேலே எழுதியிருப்பதைவிட விவரமாக. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது வாஸ்தவம்தாம்பா. ஆனா ஊரே செஞ்சிகினு இருக்குற புண்ணியத்த நான் மட்டும் வேணாம்னு சொன்னா நல்லாருக்குமா? அந்த லீவையும் அங்கியே வுட்டுடலாம். சோத்துக்கு இன்னா கொறச்சல்? பொழச்சிகினு போவுது."

அவர் கண் கலங்கியிருந்தது. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. கயிற்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லீவு இப்போது என் மாடியில் இருக்கிறது. கீழே பொமரேனியன். வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசி வரை கெடு வைத்திருக்கிறார். அவரும் கைகூப்பியவர்களில் ஒருவர்.

டீச்சரிடமிருந்து எனக்கு வந்தது இந்த நாய் மட்டும் அல்ல. தான் கெடுத்ததை ஊரின் தலையில் போடாமல், தினமும் காலையில் எழுந்து போய்ச் சரி செய்த ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் வேறு யாரிடமும் அதை நான் பார்க்கவில்லை. அதை வைத்துக்கொள்கிறேன். மேற்கொண்டு செய்யப்போவது:

1. இந்தப் பக்கத்தை வெட்டாமல் போடச் சொல்லி ஏழுமலை அண்ணனிடம் கொடுப்பேன். வெட்டினால் தெருக்குழுவில் முழுசாகப் போடுவேன்.

2. கீழே நாய் இல்லாத, கேட்டுக்குத் தாழ்ப்பாள் உள்ள வீடு பார்ப்பேன். ஊருக்கு வெளியே என்றாலும் சரி.

3. பௌர்ணமிக்கு முன்பு கீழ்பென்னாத்தூர் போவேன். பிஸ்கட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி இன்னொரு முறை கேட்பேன். இந்த முறையும் கத்தாமல்.

4. அவர் மறுத்தால், பேனர் கட்டும் இடத்தில் போய் நிற்பேன். பாக்கெட்டைப் பிரிக்கிற ஒவ்வொருவரிடமும், டீச்சர் இதைத்தான் வேண்டாம் என்று கை நீட்டினார் என்று சொல்வேன்.

5. லீவை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். முன்னால் போய் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஒவ்வொரு முனையிலும் நின்று, நானே பார்த்து, பிறகுதான் போக வேண்டும். நேரம் ஆகும். ஆகட்டும்.