அவர் வாயில் எடுத்த கிருமி

பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, விடுமுறைகளில் அம்மாவுடன் பந்தல்குடிப் பக்கம் பருத்தி எடுக்கப் போவேன். அப்போது கடைவாயில் ஒரு பல் சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தது. ஒருநாள் பருத்திக்காட்டின் சொந்தக்காரரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏ புள்ள, தள்ளி நின்னு பேசு. வாயா அது, சாக்கடையா?"

பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் ஒப்புக்குச் சிரித்தாள். கூலிக்கு வந்த இடத்தில் வேறென்ன செய்வாள்? அம்மாவை மன்னித்துவிட்டேன். அவரை இல்லை.

கல்லூரியில் நுண்ணுயிரியல் எடுத்ததற்கு அந்தப் பல்தான் காரணம். கருவேலம்பட்டைச் சாறு பல் கிருமிகளை என்ன செய்கிறது என்பதுதான் முதுகலையில் என் ஆய்வு. பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன வருடம் அந்தக் காட்டுக்காரர் அங்கே வந்து நின்றார். பருத்தியை விட்டுவிட்டு மூலிகைப் பல்பொடி தயாரிக்கிறாராம். 'கிருமியைக் கொல்லும்' என்று டப்பாவில் அச்சடிக்க எங்கள் சோதனை முடிவு வேண்டுமாம்.

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் பாத்துக் குடுங்க."

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சோதனைக்கான கிருமி ஆய்வகத்திலேயே இருந்தது. இருந்தும், "உங்க வாயிலேருந்தே எடுத்துக்கிறேன் சார், தொறங்க" என்றேன். நான்கு மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். "இன்னும் நல்லா" என்று சொல்லிச் சொல்லி, பஞ்சுக்குச்சியால் ஈறோரம் நிதானமாக வழித்தெடுத்தேன்.

அந்தக் கிருமியை வளர்ப்புத் தட்டில் பரப்பினேன். பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றில் ஒரு காகித வில்லையையும், பட்டைச் சாற்றில் இன்னொன்றையும் நனைத்து மேலே வைத்தேன். கிருமி செத்தால் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். மறுநாள் பட்டையைச் சுற்றிப் பெரிய வட்டம். பொடியைச் சுற்றியும் சின்னதாக ஒன்று.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் என் பொய்யால் அவர் தோற்றால் எனக்கு என்ன திருப்தி? இரண்டாம் முறை வெறும் ஆல்கஹாலில் நனைத்த வில்லை ஒன்றையும் சேர்த்து வைத்தேன். அதைச் சுற்றியும் அதே சின்ன வட்டம்; கொன்றது பொடியல்ல, ஆல்கஹால். மூன்றாம் முறை எல்லா வில்லைகளையும் ஆல்கஹால் ஆவியாகும்வரை நன்றாக உலர்த்தி வைத்தேன். பட்டையின் வட்டம் அப்படியே இருந்தது. பொடியின் வில்லையை ஒட்டியே கிருமி மண்டிக் கிடந்தது.

அவரை வரவழைத்துத் தட்டைக் காட்டினேன்.

"ஏதாச்சும் பாத்துப் போட்டுக் குடுங்க மேடம்."

"முடிவு இதுதான் சார்." தட்டின் மூடியை லேசாகத் தூக்கினேன். அவர் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். "நாறுதா? உங்க வாயில எடுத்ததுதான்."

மாணவிகளில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனாள். அப்புறம்தான் பருத்திக்காட்டில் நடந்ததைச் சொன்னேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"காட்டுக்கு எத்தன பேரு வந்து போறாக. யாரன்னு நெனப்புல வச்சிருக்கறது?"

அவர் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. பொடி கிருமியைக் கொல்லவில்லை என்ற முடிவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, பட்டைச் சாறு எடுக்கும் விதத்தைக் கேட்டுவர மருமகனை அனுப்பியிருந்தார். அது ஒன்றும் ரகசியமில்லை. மரம் கண்மாய்க்கரையெல்லாம் நிற்கிறது.

"எனக்குத் தெரியாதுன்னு உங்க மாமாட்டச் சொல்லுங்க" என்றேன்.

சின்னத்தனம்தான். அன்று மதியச் சாப்பாடு நன்றாக இறங்கியது.