நான் படமெடுத்த ரயில் பாலம் இப்போது இல்லை

இந்த வலைப்பூவில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வையம்பட்டிப் பக்கம் உள்ள ஒரு கைவிடப்பட்ட ரயில் கிளைப் பாதையைப் பற்றி எழுதியிருந்தேன். படங்கள், வரைபடத்தில் இடம் குறித்த புள்ளி எல்லாம் அதில் இருந்தன. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். இப்போது அதை நீக்கிவிட்டேன். ஏன் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடந்த ஆவணியில் ஒரு சனிக்கிழமை அங்கே மறுபடி போய் வந்ததைச் சொன்னால் காரணமும் அதிலேயே வந்துவிடும்.

போனதற்குக் காரணம் ஒரு வாசகர் அனுப்பிய இரண்டு வரிச் செய்தி: "பாலத்தைக் கழற்றுகிறார்கள். பார்க்க வேண்டுமென்றால் உடனே போங்கள்."

அம்மா மண்டபம் சாலையில் உள்ள என் வீட்டிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பஞ்சப்பூர் புதிய பேருந்து முனையத்துக்குப் பதினைந்து. ஆறு ஐம்பதுக்குத் திண்டுக்கல் பஸ் கிடைத்தது. வையம்பட்டி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மணப்பாறையில் பத்து நிமிடம் நின்றும் எட்டேகாலுக்கு இறங்கிவிட்டேன். நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் நான்கு இட்லி, ஒரு காபி. கைவிடப்பட்ட பாதைகளைத் தேடிப் போகிறவர்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டுதான் நடக்க வேண்டும். வழியில் ஒன்றும் கிடைக்காது.

ஆட்டோவுக்குப் போக, வர, காத்திருக்க நானூறு ரூபாய் பேசினேன். ஓட்டுநர் பெயர் செல்வராஜ். இடத்தைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் திரும்பிப் பார்த்தார்.

"ரீல்ஸ் பாலத்துக்கா சார்?"

"அப்படியா சொல்றாங்க?"

"இப்ப ரெண்டு வருசமா அப்படித்தான். யாரோ இன்டர்நெட்டுல போட்டு விட்டுட்டாங்க. ஞாயித்துக்கெழமை ஆனா பைக்கா வரும். திருச்சி, திண்டுக்கல், கரூர்னு எங்கெங்கேர்ந்தோ வந்தாங்க. எனக்கும் சவாரி கெடச்சுது, பொய் சொல்லக் கூடாது. போன சித்திரையில ஒரு பையன் பாலத்து விளிம்புல நின்னு வீடியோ எடுக்குறேன்னு கீழ விழுந்துட்டான். இடுப்பெலும்பு போச்சு. அதுக்கப்புறம்தான் இது ஆபத்தான பாலம், எடுத்துடணும்னு ரயில்வேயில முடிவு பண்ணுனாங்க."

மிச்ச வழி முழுக்கச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒன்பது கிலோமீட்டரில் தார்ச்சாலை பழைய ரயில் மேட்டை வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே இறங்கினேன். பாலத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடை. ஒரு கல் குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிவரப் போட்ட மீட்டர் கேஜ் பாதை இது. குவாரி நின்றது, வண்டி நின்றது. பிறகு தண்டவாளத்தை எடுத்தார்கள், ஸ்லீப்பர் கட்டைகளும் போயின. இங்கே மட்டுமல்ல, நான் பார்த்த எல்லாக் கிளைப் பாதைகளுக்கும் முடிவு இப்படித்தான் இருந்தது. இரும்புக்கு விலை உண்டு, அதனால் அது முதலில் போகும். மண்மேட்டை யாரும் எடுத்துப் போக முடியாது. இரண்டு பக்கமும் கருவேலம் மூட, நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு ஒற்றையடித் தடம் வெள்ளையாகத் தேய்ந்து கிடந்தது. முதல் முறை வந்தபோதும் இந்தத் தடத்தைப் பார்த்தேன். 'கைவிடப்பட்ட பாதையின் மௌனம்' என்று அதன் படத்துக்குக் கீழே எழுதினேன். தடம் தேய வேண்டுமென்றால் தினமும் யாரோ நடக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

பாலம் தெரிவதற்கு முன்பே கேஸ் கட்டரின் சீறல் கேட்டது. காட்டாற்றின் குறுக்கே மூன்று கண் பாலம். நடுக்கண்ணின் பாரம் தாங்கும் இரும்பு கர்டர்கள் ஏற்கெனவே ஆற்று மணலில் கிடந்தன. இரண்டு பேர் அவற்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். சத்தம் போடவில்லை, சண்டை இல்லை. இழவு வீட்டு வாசலில் நிற்பதைப் போல நின்றிருந்தார்கள்.

வேலையின் மேற்பார்வையாளர் கையில் பாலத்தை அகற்றச் சொல்லும் ஆணையின் நகல் இருந்தது. "இவங்க சொல்றது நியாயம்தான் சார். ஆனா நான் டெண்டர் எடுத்தவரோட ஆளு. நான் நிறுத்தினா நாளைக்கு வேற ஆளு வந்து வெட்டுவான்" என்றார்.

கூட்டத்தில் முன்னால் நின்றவர் தனலட்சுமி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அக்கரையில் உள்ள நாற்பது வீடுகளில் ஒன்று அவருடையது. இக்கரைப் பள்ளியில் சத்துணவு சமைப்பவர். நான் பத்திரிகைக்காரன் என்று நினைத்து, கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"இப்ப ஆறு காஞ்சு கெடக்குது, எறங்கி நடந்துருவோம். ஐப்பசி கார்த்தியில தண்ணி வந்தா கீழ இருக்குற தரைப்பாலம் முங்கிரும். அப்ப இதான் வழி. பலகை போட்டு, கம்பி கட்டி நாங்களே வெச்சிருந்தோம். முட்டை ட்ரேயைத் தலையில வெச்சுக்கிட்டு மழையில இது மேல போயிருக்கேன். சுத்திப் போனா பதினொரு கிலோமீட்டர், காலையில ஒரே ஒரு பஸ். அது தப்புச்சுன்னா புள்ளைங்களுக்குச் சோறு யாரு ஆக்குறது?"

"ரயில்வேக்கு இது தெரியுமாங்க?"

"வண்டி நின்ன பொறவு இங்க பாலம் இருக்குறதே யாருக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லாத்தான் இருந்தோம்."

அதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். இன்டர்நெட்டில் முதலில் எழுதியது நான்தான், இடத்தைக் குறித்துப் போட்டதும் நான்தான் என்று சொன்னேன். ஒரு பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனலட்சுமி அவரைக் கையால் தடுத்தார்.

"நீங்க எழுதலன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்கன்னு நான் சொல்லுவேன்னு பாக்குறீங்களா?"

"இல்லைங்க."

"சொல்ல மாட்டேன். நீங்கதான் எழுதுனீங்க."

வெட்டுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவரே மறுபடி பேசினார்.

"எழுதத் தெரியும்ல? அப்ப ஒரு மனு எழுதுங்க. எங்க ஆளுங்க எழுதுனா நாலு வரிக்கு மேல வர மாட்டேங்குது."

பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார்கள். ஒரு கர்டர் துண்டின் மேல் உட்கார்ந்து எழுதினேன். இரும்பு போனது போகட்டும், கல் தூண்களை இடிக்காமல் விட்டு அவற்றின் மேல் ஒரு நடைபாலம் கட்டித் தர வேண்டும் என்பது கோரிக்கை. ஒவ்வொரு வரியையும் தனலட்சுமி சத்தமாகப் படிக்கச் சொன்னார். "தாழ்மையுடன்" என்ற சொல்லை ஓர் இடத்தில் போதும் என்று மற்ற இரண்டிலும் அடிக்கச் சொன்னார். அக்கரை வீடுகளிலிருந்தும் ஆட்களை அழைத்து வந்தார்கள்; முப்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மேற்பார்வையாளர் படித்துப் பார்த்துவிட்டு, "எங்க டெண்டர் இரும்புக்கு மட்டுந்தான். தூணைத் தொட மாட்டோம்" என்றார். அவரால் முடிந்தது அது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, திருச்சி கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் இடத்தில் தனலட்சுமியையும் இன்னும் மூவரையும் சந்தித்தேன். இரண்டரை மணி நேரம் வரிசை. மனுவை வாங்கிய அதிகாரி என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டார். தனலட்சுமி பதில் சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு பொறியாளர் வந்து தூண்களை அளந்து போனார். தூண்கள் உறுதியாக இருக்கின்றன, நிதி ஒதுக்கினால் செய்யலாம் என்றாராம். இதை எழுதும் வரை நிதி வரவில்லை.

மழை வந்துவிட்டது. போன வாரம் தனலட்சுமியிடம் தொலைபேசியில் பேசினேன். தரைப்பாலம் முங்கி ஐந்து நாள் ஆகிறது என்றார். பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் உறவினர் வீட்டில் தங்கிச் சமைத்துக்கொண்டிருக்கிறார். சோறு ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் அக்கரைப் பிள்ளைகள் ஒன்பது பேர் ஐந்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அவர்களில் அவருடைய மகளும் ஒருத்தி.

இதே மாதிரி பாதைகளைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஆவணிக்குள் போய்விடுங்கள், ஐப்பசிக்கு மேல் காட்டாறுகளை நம்ப முடியாது. இரண்டு லிட்டர் தண்ணீரும் முள் ஏறாத செருப்பும் வேண்டும். பழைய பாலங்களின் மேல் ஏறாதீர்கள். தேய்ந்த தடம் ஒன்று கண்ணில் பட்டால் படம் எடுப்பதற்கு முன் அதில் நடப்பவர் வரும்வரை காத்திருங்கள், பேசுங்கள், எழுதலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இடம் குறிக்கும் புள்ளியை மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். ஊர்ப் பெயர் கேட்டு எனக்கும் எழுத வேண்டாம்.

இந்தப் பதிவுக்குத் தனலட்சுமியிடம் அனுமதி கேட்டேன். தயங்காமல் சரி என்றார். எழுதி முடித்துத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பாலம் எவ்வளவு அழகாக இருந்தது என்று அதில் ஒரு பத்தி இருந்தது. கேட்டுக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"அதை எடுத்துருங்க. அழகா இருந்துச்சுன்னு எழுதாதீங்க. நாங்க அதுல நடந்தோம்னு எழுதுங்க."